சுண்டைக்காய் கால் பணம்: ஐரோப்பாவின் பசுமை எரிசக்தி இறக்குமதிக் கணக்கு

2024 ஜூலையில் ஜெர்மனி ஓர் ஏலத்தின் முடிவை வெளியிட்டது. எகிப்தின் காற்றிலும் வெயிலிலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து அம்மோனியா தயாரித்து, நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறக்கித் தர ஃபெர்ட்டிகுளோப் நிறுவனம் ஒப்புக்கொண்ட விலை டன்னுக்கு 1,000 யூரோ. 2027-இல் குறைந்தது 19,500 டன். 2033-க்குள் மொத்தம் 3,97,000 டன் வரை. எச்-டூ-குளோபல் என்ற அரசு ஆதரவுத் திட்டத்தின் முதல் ஏலம் அது. வெளிநாட்டில் நீண்டகால ஒப்பந்தம் போட்டு வாங்குவார்கள், உள்ளூரில் குறுகியகால ஒப்பந்தத்தில் விற்பார்கள், நடுவில் விழும் துண்டை அரசுப் பணம் அடைக்கும். இதுதான் ஏற்பாடு.

பசுமை எரிசக்தி இறக்குமதி பற்றி யார் பேசினாலும் நான் இந்த ஆயிரம் யூரோவில்தான் போய் நிற்பேன். 2030-இல் இப்படி இருக்கும், 2050-இல் அப்படி இருக்கும் என்று சொல்லப்படும் எண்களில் பெரும்பாலானவை மதிப்பீடுகள். இது கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட விலை. அந்த ஆயிரத்தில் 811 யூரோ தயாரிப்புக்கு. மிச்சம் 189 யூரோ கப்பல் கூலி, இறக்குமதி வரி வகையறாவுக்கு. சாதாரண அம்மோனியா, அதாவது இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பது, அப்போது ஏறத்தாழ இதில் பாதி விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஏன் இந்த இறக்குமதி? ஜெர்மனி 2045-க்குள்ளும், ஐரோப்பிய ஒன்றியம் 2050-க்குள்ளும் நெட் ஜீரோவை எட்டுவதாகச் சட்டம் போட்டிருக்கின்றன. வெளியே விடும் பசுங்குடில் வாயுக்களும், திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகிவிட வேண்டும். காரையும் வீட்டுச் சூடேற்றியையும் மின்சாரத்துக்கு மாற்றிவிடலாம். உருக்காலை, உர ஆலை, ரசாயன ஆலை, கப்பல், விமானம் ஆகியவற்றை அப்படி மாற்றுவது கடினம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஹைட்ரஜனோ அதிலிருந்து செய்த எரிபொருளோ வேண்டும். 2023-இல் புதுப்பித்த ஹைட்ரஜன் கொள்கையில், 2030-இல் தனக்கு 95 முதல் 130 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட்) அளவு தேவைப்படும், அதில் 50 முதல் 70 சதவீதம் வெளியிலிருந்துதான் வரும் என்று ஜெர்மனி எழுதிவைத்தது. ஐரோப்பிய ஆணையம் அதற்கு முந்தைய ஆண்டே இன்னும் பெரிதாகச் சொன்னது: 2030-க்குள் ஒரு கோடி டன் உள்ளூரில், இன்னொரு கோடி டன் இறக்குமதி. உக்ரைன் போர் தொடங்கிய சூட்டில் போட்ட இலக்கு அது. ஐரோப்பியத் தணிக்கை மன்றமே 2024-இல் அந்த இலக்குகளை மிகையானவை என்று சொல்லிவிட்டது.

அது போகட்டும். இலக்கு எட்டப்படுமா என்பதைவிட எனக்கு ஆர்வமான கேள்வி வேறு. இப்படி வெளியிலிருந்து வாங்கினால் ஐரோப்பாவின் மொத்த நெட் ஜீரோச் செலவு உண்மையில் குறைகிறதா? குறைந்தால் எவ்வளவு?

வெயில் இலவசம், வட்டி அப்படியல்ல

ஜெர்மனியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,000 யூனிட் தரும். நமீபியா, மொராக்கோ, எகிப்து போன்ற பாலைவன ஊர்களில் அதே தகடு 2,000 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். அப்படியென்றால் அங்கே மின்சாரம் பாதி விலைதானே? கேட்பவர் எல்லோரும் தலையாட்டும் வாதம் இது. இங்கேதான் வட்டி வந்து நிற்கிறது.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவாட் நிறுவ 600 யூரோ, 25 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 5 சதவீத வட்டிக்குப் பணம் கிடைத்தால், ஆண்டுத் தவணை சுமார் 43 யூரோ. 1,000 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 4.3 சென்ட். பாலைவனத்தில் முதலீட்டாளர் 10 சதவீதம் கேட்டால் தவணை 66 யூரோ, யூனிட் 3.3 சென்ட். பாதி விலை என்று நினைத்தது கால்வாசித் தள்ளுபடியாகச் சுருங்கிவிட்டது. 15 சதவீதம் கேட்டால்? தவணை 93 யூரோ, யூனிட் 4.6 சென்ட். இரண்டு மடங்கு வெயில் இருந்தும் ஜெர்மனியைவிட விலை அதிகம்.

சூரியத் தகடு, காற்றாலை, மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர், அம்மோனியா ஆலை என எல்லாமே முதலில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு, பிறகு எரிபொருள் செலவில்லாமல் ஓட்டுபவை. அதனால் இந்தத் தொழிலில் கச்சாப்பொருள் வெயிலா வட்டியா என்று கேட்டால் நான் வட்டி என்றுதான் சொல்வேன். நமீபியாவின் ஹைஃபன் பசுமை அம்மோனியாத் திட்டத்தின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். ஏறக்குறைய அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி அளவு. அவ்வளவு பெரிய கடனைச் சிறிய நாடு ஒன்றில் போட எந்த வங்கியும் யோசிக்கும். ஆண்டுக்கு 3 லட்சம் டன் அம்மோனியா வாங்குவதாக 2022-இல் எண்ணம் தெரிவித்திருந்த ஜெர்மானிய மின் நிறுவனம் ஆர்டபிள்யூஇ 2025-இல் கையை விரித்தது.

நம் ஊர்க் கதையும் இதில் கொஞ்சம் சேரும். இந்திய உர ஆலைகளுக்காக 2025-இல் நடந்த பசுமை அம்மோனியா ஏலங்களில் கிலோவுக்கு 49.75 ரூபாய் முதல் 64.74 ரூபாய் வரை விலை விழுந்தது. ஜெர்மனியின் ஆயிரம் யூரோ என்பது கிலோவுக்கு 90, 100 ரூபாய் வரும் என்பதால் இங்கே பலருக்கு உற்சாகம். பசுமை ஹைட்ரஜன் மையங்களாக மத்திய அரசு அறிவித்த மூன்று துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. ஆனால் இந்த இரண்டு விலைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இந்திய விலையில் அரசு மானியம் உண்டு, ராட்டர்டாம் வரையான கப்பல் கூலி இல்லை. ஐரோப்பாவுக்கு விற்க வேண்டுமென்றால் அங்குள்ள விதியும் பொருந்த வேண்டும்: புதிதாக நிறுவிய ஆலையின் மின்சாரமாக இருக்க வேண்டும், 2030 முதல் மணிக்கு மணி அந்த மின்சாரமும் எலக்ட்ரோலைசர் ஓட்டமும் பொருந்தியிருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்கும் விலை உண்டு.

எந்த உருவத்தில் கப்பல் ஏற்றுவது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ஹைட்ரஜனுக்கென்றே சொல்லிவைத்த மாதிரி இருக்கும். மிக லேசான வாயு. திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். அதனால்தான் அதை அம்மோனியாவாக மாற்றி ஏற்றுகிறார்கள். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும். உர வணிகத்துக்காகப் பல பத்தாண்டுகளாகக் கப்பலில் போய்வரும் பொருள் என்பதால் கப்பலும் தொட்டியும் ஆளும் ஏற்கெனவே உண்டு.

அந்த ஆயிரம் யூரோ டன்னைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு டன் அம்மோனியாவில் சுமார் 178 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. எகிப்து வாசலில் 811 யூரோ என்றால் கிலோ ஹைட்ரஜனுக்கு 4.56 யூரோ. ராட்டர்டாமில் 5.62. இதுவரை சுமைகூலி ஐந்தில் ஒரு பங்குதான், பழமொழி பொய்த்துவிட்டது. அம்மோனியாவை அம்மோனியாவாகவே உர ஆலைக்குள் விட்டால் கணக்கு இங்கேயே முடிகிறது. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஹைட்ரஜன் என்றால் அதைத் திரும்ப உடைக்க வேண்டும். உயர் வெப்பத்தில் நடக்கும் அந்த வேலையில் நாலில் ஒரு பங்கு வரை ஆற்றல் போய்விடும். அப்படிப் பார்த்தால், உடைக்கும் ஆலையின் செலவைச் சேர்க்காமலே, கிலோ 7.50 யூரோவை நெருங்குகிறது. ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 225 யூரோ. 2024-இல் ஐரோப்பிய மொத்தச் சந்தையில் இயற்கை எரிவாயு 35 யூரோ சுற்றுவட்டாரத்தில் இருந்தது. இப்போது பழமொழிக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது: ஏழரையில் மூன்று யூரோ சுமப்பதற்கும் அவிழ்ப்பதற்கும் போகிறது.

அதே ஹைட்ரஜனை ஜெர்மனியிலேயே செய்தால்? ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 53 யூனிட் மின்சாரம். யூனிட் 7 சென்ட் என்றால் 3.70 யூரோ. எலக்ட்ரோலைசர் கிலோவாட்டுக்கு 2,000 யூரோ ஆகிறது, ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் அதன் பங்கு இன்னொரு 2.10 யூரோ. மொத்தம் 5.80. இது என் பென்சில் கணக்கு, எண்களை அசைத்தால் விடையும் அசையும். ஆனாலும் ஒன்று தெரிகிறது: கப்பலில் அம்மோனியாவாக வந்து உடைபட்டு ஹைட்ரஜனாகும் சரக்கு, மேகமூட்டமான ஜெர்மனியில் செய்த சரக்கை விலையில் ஜெயிப்பது கடினம். உரத்துக்காக அம்மோனியா வாங்குவது வேறு, ஹைட்ரஜனுக்காக அம்மோனியா வாங்குவது வேறு. செய்திகளில் இரண்டும் 'பசுமை ஹைட்ரஜன் இறக்குமதி' என்ற ஒரே தலைப்பில் வந்துவிடுகின்றன.

குழாயில் வந்தால் நிலைமை மாறும். குளிரவைக்க வேண்டாம், உருமாற்ற வேண்டாம். அல்ஜீரியா, துனிசியாவிலிருந்து இத்தாலி, ஆஸ்திரியா வழியாக ஜெர்மனிக்கு வரும் தெற்கு ஹைட்ரஜன் வழித்தடம் சுமார் 3,300 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி இப்போதிருக்கும் எரிவாயுக் குழாயையே மாற்றிப் பயன்படுத்துவது. 2025 ஜனவரியில் ஐந்து நாடுகளும் ரோமில் கூட்டறிக்கை வெளியிட்டன. அறிக்கைக்கும் குழாய்க்கும் நடுவில் நிறைய தூரம்; ஆனால் செலவுக் கணக்கில் இது நியாயமான வழி.

மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொண்டுவருவது கேட்க எளிதாக இருக்கும். உயரழுத்த நேர்மின் கம்பியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு 3 சதவீத அளவுதான் இழப்பு. மொராக்கோவிலிருந்து பிரிட்டனுக்குக் கடலடியில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கம்பி போட்டு 3.6 கிகாவாட் கொண்டுவர எக்ஸ்லிங்க்ஸ் என்ற நிறுவனம் திட்டமிட்டது. 2025 ஜூனில் பிரிட்டிஷ் அரசு ஆதரவு தர மறுத்துவிட்டது, உள்நாட்டிலேயே நல்ல மாற்றுகள் இருப்பதாகக் காரணம் சொன்னது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். வட கடலில் காற்றடிக்கும் நாட்களில் ஏற்கெனவே மின்சாரம் வழிகிறது. வழியும் பாத்திரத்தில் இன்னொரு குழாயைத் திறப்பதில் மிச்சம் குறைவு.

அப்புறம் ஹைட்ரஜனிலிருந்து செய்யும் மெத்தனால். சாதாரண வெப்பத்திலேயே திரவம், சாதாரண டேங்கர் கப்பல் போதும், கப்பல் என்ஜினிலும் ரசாயன ஆலையிலும் நேராகப் பயன்படும். ஒரே சிக்கல், அதற்குக் கார்பன் வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்கு 1.375 டன் கரியமில வாயு. பாலைவனத்தில் வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, புகைபோக்கி இல்லை. காற்றிலிருந்தே கரியமில வாயுவை உறிஞ்சினால், அது டன்னுக்கு 100 யூரோவில் முடிந்தால் மெத்தனால் டன்னில் 138 யூரோ ஏறும். 500 யூரோ ஆனால் 690 ஏறும். மெத்தனால் இறக்குமதி லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது.

பலருக்கும் தோன்றாத ஐந்தாவது உருவம் ஒன்று உண்டு: இரும்பு. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்க ஒரு டன்னுக்கு 54 கிலோ ஹைட்ரஜனாவது வேண்டும். ஐரோப்பா பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து தாதுவைக் கப்பலில் வரவழைக்கிறது. ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் தாது. அதோடு 54 கிலோ ஹைட்ரஜனையும் கொண்டுவர வேண்டுமென்றால் 300 கிலோ அம்மோனியா ஏற்ற வேண்டும். தாது கிடைக்கிற, வெயிலும் காற்றும் உள்ள நாட்டிலேயே ஹைட்ரஜன் செய்து, அங்கேயே தாதுவை இரும்பாக்கி, கட்டியாக அழுத்தி அனுப்பினால்? ஒரு டன் ஏற்றினால் போதும். ஹைட்ரஜனைக் கப்பலேற்றும் தொல்லையே இல்லை. சுமையைக் குறைத்துக்கொண்டு வரும் சுண்டைக்காய் இது ஒன்றுதான்.

உள்ளூரில் செய்தால் கூடவே கிடைப்பவை

இதுவரை பார்த்தது இரண்டு விலைச்சீட்டை ஒப்பிடும் வேலை. ஆனால் ஒரு நாட்டின் எரிசக்தி அமைப்பு கடையில் பொருள் வாங்குவது போல இயங்குவதில்லை. உள்ளூர் எலக்ட்ரோலைசர் ஹைட்ரஜனைத் தவிர வேறு சில வேலைகளையும் பார்க்கிறது. அவற்றுக்குத் தனி பில் வருவதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

டென்மார்க்கின் தெற்கில் கசோ என்ற ஊர். 2025 மே மாதம் அங்கே ஒரு மெத்தனால் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 42,000 டன் வரை செய்யலாம். பக்கத்திலேயே பெரிய சூரியப் பூங்கா. கரியமில வாயு சாண எரிவாயு ஆலையிலிருந்து வருகிறது; காற்றிலிருந்து உறிஞ்சும் செலவில்லை. மெத்தனால் மெர்ஸ்க் நிறுவனத்தின் லாரா மெர்ஸ்க் கப்பலுக்குப் போகிறது. ஆலையில் வெளியேறும் வெப்பம் குழாய் வழியாகப் பக்கத்து ஓபென்ரோ நகரத்து வீடுகளைச் சூடாக்குகிறது, சுமார் 3,300 வீடுகளுக்குப் போதுமான அளவு. எலக்ட்ரோலைசரில் போகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறும். நமீபியாவில் அந்தச் சூட்டை வைத்து என்ன செய்வது? டேனிஷ் குளிர்காலத்தில் அது விற்பனைப் பொருள்.

இன்னொன்று நேரம். 2024-இல் ஜெர்மனியின் மின்சந்தையில் 457 மணி நேரம் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்குப் பணமும் கொடுத்தார்கள். காற்றாலையும் சூரியத் தகடும் பெருகப் பெருக இப்படிப்பட்ட நேரங்கள் கூடும். அப்போது மட்டும் ஓடி, விலை ஏறியதும் நின்றுவிடும் எலக்ட்ரோலைசர் உள்நாட்டில் இருந்தால் அந்த உபரி வீணாகாது. எல்லாவற்றையும் இறக்குமதி செய்துவிட்டால் அந்த வடிகால் போய்விடும்; வடக்கில் காற்றாலையை நிறுத்திவைத்து இழப்பீடு கொடுக்க வேண்டியதுதான். வடக்கின் காற்று மின்சாரத்தைத் தெற்கிலுள்ள ஆலைகளுக்குக் கொண்டுபோகும் சூட்லிங்க் கம்பித்தடம் 700 கிலோமீட்டர், 4 கிகாவாட். 2022-இல் முடிந்திருக்க வேண்டியது, இப்போது 2028 இறுதி என்கிறார்கள். தங்கள் ஊர் வழியாகக் கோபுரம் கூடாது என்று வந்த எதிர்ப்பால் கம்பியை மண்ணுக்கடியில் புதைக்க முடிவானது. செலவு சுமார் 1,000 கோடி யூரோ.

இந்த இடத்தில் இறக்குமதிக்கு ஆதரவான ஒரு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். மெத்தனாலும் இரும்பும் கப்பலில் வந்தால் ஐரோப்பாவுக்குள் அவ்வளவு காற்றாலை வேண்டாம், அவ்வளவு கம்பி வேண்டாம், அவ்வளவு நிலம் வேண்டாம். ஊர் எதிர்ப்பால் ஒரு கம்பித்தடமே ஆறேழு ஆண்டு தள்ளிப்போகிற கண்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

மொத்த பில்லில் எத்தனை வரி

இந்த எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2025-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், போட்ஸ்டாம் காலநிலை ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் செய்தது. உலகளாவிய பசுமை எரிபொருள் வழங்கலைக் கணக்கிடும் கணினி மாதிரி ஒன்றையும், ஐரோப்பாவின் மின்சாரம், வெப்பம், போக்குவரத்து, தொழில் எல்லாவற்றையும் சேர்த்த மாதிரி ஒன்றையும் இணைத்து ஓட்டினார்கள். கிடைத்த விடை: இறக்குமதியால் மொத்த அமைப்பின் செலவு 1 முதல் 10 சதவீதம் குறையும்.

அவ்வளவுதானா என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தால் ஆச்சரியமில்லை. மாதாந்திர மளிகை பில்லில் எண்ணெய் விலை மட்டும் குறைந்தால் மொத்தம் எவ்வளவு குறையும்? நெட் ஜீரோ ஐரோப்பாவின் செலவில் பெரும்பகுதி வீட்டுச் சூடேற்றி, மின்கம்பி, பேட்டரி, நேராகப் பயன்படும் காற்று மின்சாரம் ஆகியவற்றில் இருக்கிறது. கப்பலில் வரும் எதுவும் அந்த வரிகளைத் தொடுவதில்லை. தொடுவது உருக்கு, கப்பல், விமானம், ரசாயனம் என்ற சில வரிகளை மட்டும்.

அந்த 1 முதல் 10 என்ற வீச்சு எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை இன்னும் அதிகம் யோசிக்கவைத்தது. இறக்குமதி விலையை இருபது சதவீதம் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் கிடைத்த வீச்சு அது. மேலே போட்ட வட்டிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வட்டி 8 சதவீதத்திலிருந்து 10.5 ஆனாலே 25 ஆண்டுத் தவணை இருபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அதாவது எகிப்திலோ நமீபியாவிலோ கடன் கொடுப்பவர் கொஞ்சம் பயந்தாலே ஐரோப்பாவின் சேமிப்பு ஒரு சதவீதத்துக்கு வந்துவிடலாம். சூரிய ஒளி வரைபடத்தைக் காட்டி இறக்குமதியை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இறக்குமதியின் அளவைக் கூட்டக் கூட்டக் கிடைக்கும் சேமிப்பு தேய்ந்துகொண்டே போகிறது என்பது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. முதலில் வரும் கப்பல்கள் ஐரோப்பாவின் மிக மோசமான இடத்தில், மிக மோசமான நேரத்தில் செய்ய வேண்டியிருந்த ஹைட்ரஜனை விலக்குகின்றன. கடைசியில் வருபவை உபரிக் காற்றில் ஏறத்தாழ சும்மா கிடைத்திருக்கக்கூடிய ஹைட்ரஜனோடு போட்டி போடுகின்றன. மாதிரி விரும்பித் தேர்ந்தெடுத்தவை மெத்தனால், உருக்கு, ஹைட்ரஜன். கொஞ்சம் உள்ளூர் உற்பத்தியையும் அது கைவிடவில்லை. கழிவு வெப்பம், உள்ளூர் கார்பன், உபரி மின்சாரம் என்று கசோவில் பார்த்த அதே காரணங்கள்.

குழாய்க்குக் காசு யார் தருவது

மாதிரிக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் முடிவாகும். நிஜத்தில் அப்படியில்லை. ஜெர்மனி 2024 அக்டோபரில் 9,040 கிலோமீட்டர் ஹைட்ரஜன் முதுகெலும்புக் குழாய் வலைக்கு அனுமதி கொடுத்தது. 2032-க்குள் முடிக்க வேண்டும், செலவு 1,890 கோடி யூரோ. ஏறத்தாழ அறுபது சதவீதம் பழைய எரிவாயுக் குழாய்களை மாற்றுவது. தொடக்கத்தில் வாடிக்கையாளர் குறைவாக இருப்பார்கள், மொத்தச் செலவையும் அவர்கள் தலையில் கட்ட முடியாது. அதனால் கட்டணத்தைக் குறைவாக வைத்து, பற்றாக்குறையை ஒரு கணக்கில் எழுதிக்கொண்டே வந்து, 2055-க்குள் பின்னால் வரும் வாடிக்கையாளர்களிடம் வசூலித்து அடைக்க வேண்டும். அப்போதும் துண்டு விழுந்தால் அரசு 76 சதவீதம், குழாய் நிறுவனங்கள் 24 சதவீதம்.

இப்போது மெத்தனாலும் இரும்பும் கப்பலில் வருவது நல்லது என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? அந்தக் குழாயின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களாக எதிர்பார்க்கப்பட்டவையே உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும்தான். அவை ஹைட்ரஜன் கேட்காவிட்டால் மிச்சமிருப்பவர்கள் மேல் சுமை ஏறும். இறக்குமதிக் கொள்கையை ஒரு மேசையிலும் குழாய்க் கொள்கையை இன்னொரு மேசையிலும் எழுதினால் இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டிவரும். ஆய்வு சொல்லும் சில சதவீதச் சேமிப்பை விழுங்க இந்த ஒரு தவறே போதும் என்பது என் கணிப்பு.

பாதுகாப்பு என்ற பேச்சும் இங்கே வரும். போருக்கு முன் ஜெர்மனியின் எரிவாயுவில் 55 சதவீதம் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 ஆகஸ்டில் மெகாவாட் மணிக்கு 300 யூரோவுக்கு மேல் விலை போனதை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தை எல்லா இறக்குமதிக்கும் ஒரே மாதிரி ஒட்டக்கூடாது. குழாய் ஒரே ஆளிடம் கட்டிப்போடும். மெத்தனால் கப்பல் சிலியிலிருந்தும் வரலாம், ஓமானிலிருந்தும் வரலாம். இரும்புக்கட்டியைக் கிடங்கில் குவித்து வைக்கலாம்.

டூயிஸ்பர்க்

கடைசியாக உருக்கு. மாதிரி விரும்பும் இறக்குமதிகளில் அரசியலுக்கு மிகக் கசப்பானது இதுதான். போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இரண்டு நாடுகளுக்கிடையே மின்சார விலை வித்தியாசம் மெகாவாட் மணிக்கு 40 யூரோ இருந்தால், ஆலையை மலிவான நாட்டுக்கு மாற்றுவதால் உருக்கில் 18 சதவீதமும், யூரியாவில் 32 சதவீதமும், எத்திலினில் 38 சதவீதமும் தயாரிப்புச் செலவு மிச்சமாகும் என்று காட்டினார்கள். இந்த அளவு வித்தியாசத்தை மானியத்தால் ஆண்டுக்கணக்கில் மூடிக்கொண்டே இருக்க முடியாது.

உருக்கு நிறுவனமான ஆர்செலார் மிட்டல் 2025 ஜூனில் ஜெர்மனியிலுள்ள தன் பிரேமன், ஐசன்ஹூட்டன்ஸ்டாட் ஆலைகளை ஹைட்ரஜன் வழிக்கு மாற்றும் திட்டத்தைக் கைவிட்டது. அரசு தருவதாகச் சொன்ன 130 கோடி யூரோ மானியத்தையும் வேண்டாம் என்றது. ஜெர்மனியின் உருக்கு நகரமான டூயிஸ்பர்க்கில் தைசன்க்ரூப் நிறுவனம் 200 கோடி யூரோ அரசு உதவியோடு ஆண்டுக்கு 25 லட்சம் டன் இரும்பு எடுக்கும் புதிய ஆலையைக் கட்டத் தொடங்கியது. அதற்கான ஹைட்ரஜன் கொள்முதல் ஏலத்தை 2025 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள், கேட்ட விலை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று. முதலில் இயற்கை எரிவாயுவில் ஓட்டலாம் என்பது இப்போதைய ஏற்பாடு.

எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இரும்பை வெளியே எடுத்து, உருக்கி வார்த்து உருட்டும் வேலையை டூயிஸ்பர்க்கிலேயே வைத்துக்கொள்வதுதான் சரியான பிரிப்பு என்று நினைக்கிறேன். ஹைட்ரஜன் அதிகம் தின்பது முதல் கட்டம். ஆட்களும் தொழில்நுட்பமும் வாடிக்கையாளர்களும் அதிகம் இருப்பது பின்னால் வரும் கட்டங்கள். ஆனால் ஊது உலையில் வேலை பார்ப்பவரிடம் போய் இதை விளக்க எனக்குத் தைரியம் இல்லை. 2024 நவம்பரில் தைசன்க்ரூப்பின் உருக்குப் பிரிவு 27,000 வேலைகளை 16,000 ஆக்கப்போவதாக அறிவித்தபோது, ஹைட்ரஜனில் செய்த இறக்குமதி இரும்பு இன்னும் வரவே தொடங்கவில்லை.

ராட்டர்டாமில் இறங்கும் இரும்புத் தாது இன்றும் ரைன் ஆற்றில் தள்ளுபடகுகளில் ஏறித்தான் டூயிஸ்பர்க் போகிறது. எகிப்து அம்மோனியா வர வேண்டியதும் அதே துறைமுகத்துக்குத்தான், 2027-இல். ஆயிரம் யூரோ டன்னை ஜெர்மனியில் யார் என்ன விலைக்கு வாங்கப்போகிறார்கள், அரசு அடைக்க வேண்டிய துண்டு எவ்வளவு என்பது அதை மறுபடி ஏலத்தில் விற்கும்போது தெரிந்துவிடும்.